திங்கட்கிழமை காலை விமானத்துக்கு எங்கள் ஏரி எதற்கு?

கழனியில் கிடக்கிறவனுக்கு விமானத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். கேட்கலாம், தப்பில்லை. ஆனால் எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்தில் 2022 ஆகஸ்டில் இருந்து விமானத்தைப் பற்றிப் பேசாத டீக்கடை கிடையாது. சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் பரந்தூரில் என்று அப்போதுதான் அறிவித்தார்கள். 13 கிராமம், 5,700 ஏக்கருக்கு மேல். ஏகனாபுரம் ஊரே எழும்ப வேண்டும். அந்த ஊர் சனங்கள் அறிவிப்பு வந்ததில் இருந்து போராடுகிறார்கள். கிராம சபை கூடும் போதெல்லாம் வேண்டாம் என்று தீர்மானம் போடுகிறார்கள். என் நிலம் அந்த 13 கிராமத்துக்கு வெளியேதான் இருக்கிறது. இருந்தாலும் ஏரித் தண்ணீரில் சாப்பிடுகிறவன் நான். ஏரியைக் கேட்கிறவர்கள் எதுக்குக் கேட்கிறார்கள் என்று விசாரிக்க எனக்கு உரிமை இருக்கிறது.

எதுக்கு என்று கேட்டால் "சென்னை விமான நிலையம் நிரம்பிடுச்சு"ன்னு சொல்றாங்க. சரி, நிரம்பிடுச்சு. எதனால நிரம்புச்சு? யார் ஏறுகிறார்கள், எந்தக் கிழமையில், எந்த நேரத்தில், எந்த வேலைக்காக? இதை யாரும் பேசக் காணோம். அதைத்தான் இங்கே பேசப் போகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். விமானம் ஏறுகிற எல்லாரையும் நான் சொல்லவில்லை. வளைகுடாவுக்குப் பிழைக்கப் போகிற பையன் போகட்டும். அறுவை சிகிச்சைக்குச் சென்னைக்கு வருகிறவர்கள் வரட்டும். அம்மா தவறிப் போன சேதி கேட்டு அழுதுகொண்டே டிக்கெட் போடுகிறவனுக்கு இடம் கிடைக்கட்டும். நான் சொல்வது வாரா வாரம், கம்பெனி காசில், அதே ஊருக்கு, அதே ஆட்களைப் பார்க்கப் பறக்கிறாரே, அவரை. உங்கள் வீட்டில் ஒருவர் அப்படி இருப்பார். நீங்களேகூட இருக்கலாம்.

எங்கள் வீட்டிலும் இருக்கிறான். தங்கச்சி மகன். மேடவாக்கத்தில் குடியிருக்கிறான். வங்கிகளுக்கு மென்பொருள் விற்கிற கம்பெனியில் வேலை. அவன் வாரத்தை அவனே சொல்லக் கேட்டு எழுதுகிறேன்.

திங்கட்கிழமை விடியற்காலை மூன்றேகாலுக்கு அலாரம். நாலு மணிக்கு வாசலில் டாக்ஸி. ஆறு மணி மும்பை விமானம். ஏழு கிலோ கைப்பை மட்டும்தான், இறங்கின பிறகு பெட்டிக்காகக் காத்து நிற்க முடியாது என்பதால். பாதுகாப்புச் சோதனையில் மடிக்கணினியை எடுத்துத் தட்டில் வை, பெல்ட்டைக் கழற்று, பையை மறுபடி அடுக்கு. கடன் அட்டையைக் காட்டினால் ஓய்வறையில் இரண்டு ரூபாய்க்கு இட்லி கிடைக்குமாம். ஆனால் அந்த இரண்டு ரூபாய் வரிசை திருப்பதி தர்ம தரிசன வரிசை மாதிரி நீளமாம். விமானம் கிளம்ப 25 நிமிஷத்துக்கு முன்னால் கதவைச் சாத்திவிடுவார்கள் என்பதால் பாதி நாள் இட்லியும் கிடையாது. மேலே போனதும் கப்பில் சுடுதண்ணீர் ஊற்றிய உப்புமா.

எட்டு மணிக்கு மும்பை. பாந்த்ரா குர்லா போய்ச் சேர ஒன்பதேகால். பத்து மணிக்கு மீட்டிங். செவ்வாய்க்கிழமை அங்கேயே இன்னொரு வங்கி. புதன் சாயங்காலம் டெல்லி விமானம். வியாழக்கிழமை குருகிராமில் முக்கால் மணி நேர சந்திப்பு. ராத்திரி விமானம் பிடித்து வீட்டுக்கு வரும்போது வெள்ளிக்கிழமை ஒரு மணி ஆகிவிடும். மார்கழி, தை மாதத்தில் டெல்லியில் பனிமூட்டம் என்றால் அதுவும் இல்லை, விடியும். வெள்ளி காலை சென்னை ஆபீஸ். சனிக்கிழமை தூக்கம், டாக்ஸி பில், ஓட்டல் பில் எல்லாம் சேர்த்துக் கம்பெனிக்கு அனுப்புகிற வேலை. ஞாயிறு ஒரு நாள்தான் பெண்டாட்டி பிள்ளைக்கு. அன்றைக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கே பையை எடுத்துக் கட்டிலில் வைத்துவிடுவான். பையைப் பார்த்ததும் குழந்தை முகம் சுருங்கும் என்று தங்கச்சி சொல்வாள்.

"மாப்ள, இந்த வாரம் மொத்தம் எத்தனை மணி நேரம் அந்த ஆளுங்களோட உக்காந்து பேசின?"ன்னு ஒரு தடவை கேட்டேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "ஒன்பது மணி நேரம் இருக்கும் மாமா" என்றான். பறந்தது ஏழு மணி நேரம். டாக்ஸியிலும் விமான நிலையத்திலும் உட்கார்ந்திருந்தது அதைப் போல் இரண்டு மடங்கு. அந்த ஒன்பது மணி நேரத்தில் நேரில் போனால்தான் முடியும் என்கிற வேலை எவ்வளவு என்று அடுத்துக் கேட்டேன். சிரித்தான். "செவ்வாய்க்கிழமை வேலை ஒண்ணுதான் மாமா. மத்தது முகத்தக் காட்டறதுதான். போகலைன்னா அக்கறை இல்லைன்னு நெனைப்பாங்க."

இதுதான் விஷயம். அவன் போக விரும்பிப் போகவில்லை. அந்தப் பக்கத்து வங்கிக்காரரும் இவனை வாரா வாரம் பார்க்கத் தவம் கிடக்கவில்லை. எங்கள் பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் விமான நிலையம் வேண்டாம். யாருக்குமே வேண்டாத ஒரு பயணத்துக்கு 5,700 ஏக்கர் எடுக்கிறோம்.

"ஒரு ஆள் பறக்கிறதுக்கா விமான நிலையம் கட்டறாங்க?"ன்னு கேப்பீங்க. அந்த ஒரு ஆள் எந்த நேரத்தில் பறக்கிறார் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

எங்கள் பக்கம் ஏரிக்குக் கலங்கல் கட்டும்போது தினம் வருகிற தண்ணீரைக் கணக்குப் பார்த்துக் கட்ட மாட்டார்கள். பத்து வருஷத்துக்கு ஒரு தடவை கொட்டுமே, அந்தப் பெருமழைக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்று பார்த்துத்தான் நீளம் வைப்பார்கள். விமான நிலையமும் அப்படித்தான். வருஷத்துக்கு எத்தனை பேர் என்பது மட்டும் கணக்கு இல்லை. நெரிசலான அந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர், எத்தனை விமானம் என்று பார்த்துத்தான் கட்டிடத்துக்கும் ஓடுபாதைக்கும் அளவு வைக்கிறார்கள். அந்த நெரிசல் நேரம் எது? திங்கட்கிழமை காலையும் வியாழன், வெள்ளி சாயங்காலமும் டிக்கெட் போட்டுப் பாருங்கள், விலையே சொல்லிவிடும். புதன்கிழமை மத்தியானம் பாதி விலைக்குக் கிடைக்கிற இடம் திங்கட்கிழமை ஆறு மணிக்குக் கிடைக்காது.

பெருமழை வருணன் கையில் இருக்கிறது. திங்கட்கிழமை காலை நெரிசலும் அப்படியா? ஆயிரம் மேனேஜர்கள் "திங்கள் பத்து மணிக்கு மீட்டிங்" என்று காலண்டரில் குறித்ததால் வந்த நெரிசல் அது. அதே மேனேஜர்கள் அதைச் செவ்வாய் மத்தியானத்துக்கு மாற்றினால் வடிந்துவிடும். திரையிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றால் பாதி காணாமலே போய்விடும். ஆனால் காலண்டரில் ஒரு கட்டத்தை நகர்த்துவதைவிட 13 கிராமத்தை நகர்த்துவது சுலபம் என்று முடிவு பண்ணியிருக்கிறார்கள்.

கொரோனா காலத்தை மறந்துவிட்டீர்களா? 2020 மார்ச் 25ல் இருந்து மே 25 வரைக்கும் இரண்டு மாதம் உள்நாட்டில் பயணிகள் விமானமே ஓடவில்லை. எந்த வங்கி மூடியது? எந்த மென்பொருள் கம்பெனி படுத்தது? எல்லாரும் வீட்டில் இருந்தே, சட்டை மேலே, லுங்கி கீழே என்று வேலை பார்த்தார்கள். சம்பளம் வந்தது. அந்த இரண்டு மாதமும் எங்களுக்கு எப்படி இருந்தது? நவரை அறுப்பு நேரம். அறுப்பு மிஷின் வெளி மாவட்டத்தில் இருந்து வர வேண்டும், நெல்லைக் காய வைக்க வேண்டும், மூட்டை தூக்க ஆள் வேண்டும். இதில் எதையாவது கணினித் திரையில் செய்ய முடிந்ததா? நேரில் போய்த்தான் ஆக வேண்டிய வேலை எது, போகாமலும் நடக்கிற வேலை எது என்று அந்த இரண்டு மாதம் பிரித்துக் காட்டிவிட்டுப் போனது. ஊரடங்கு முடிந்ததும் அந்தப் பாடத்தை மூட்டை கட்டிப் பரணில் போட்டாச்சு.

"நேர்ல பார்த்தாதான் நம்பிக்கை வரும், வியாபாரம் அப்படி" என்று ஒரு பதில் வரும். வியாபாரம் எங்களுக்கும் தெரியும். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேரம் பேசுவார்கள். அதை போனில் பேச முடியாது. மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கணும், நடக்க விட்டுப் பார்க்கணும், விற்கிறவன் கண்ணையும் பார்க்கணும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மாட்டை வாங்கி ஓட்டி வந்த பிறகு, விற்றவன் வாரா வாரம் வந்து "மாடு எப்படி இருக்கு"ன்னு என் கொட்டகையில் உட்கார்ந்தால் என்ன செய்வேன்? இரண்டாவது வாரமே "உனக்கு வேற வேலை இல்லையா" என்று கேட்பேன். முதல் சந்திப்புக்குப் போங்கள். சண்டை வந்தால் தீர்க்கப் போங்கள். மென்பொருள் படுத்துவிட்டது, வங்கி வாசலில் வாடிக்கையாளர் நிற்கிறார் என்றால் ஓடுங்கள். நாற்பதாவது வார அறிக்கையைப் படித்துக் காட்ட எதுக்கு ஓட வேண்டும்?

காசு விஷயத்துக்கு வருவோம். விவசாயி என்றாலே "இலவச மின்சாரம், மானியம், வருமான வரியும் கிடையாது" என்று பட்டணத்தில் ஒரு பாட்டு உண்டு. 1990ல் இருந்து எங்கள் மோட்டாருக்குக் கரண்ட் பில் இல்லை, உண்மைதான். சம்பளத்தில் வரி பிடிக்கிறது உங்களிடம்தான், அதுவும் உண்மை. ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். உங்கள் கம்பெனி எடுக்கிற விமான டிக்கெட்டுக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யை, வியாபாரப் பயணம் என்று காட்டி, தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். டிக்கெட்டும் ஓட்டலும் செலவு என்று எழுதி, லாபத்தைக் குறைத்துக் காட்டி, அதற்கும் வரி மிச்சம் பண்ணலாம். எல்லாம் சட்டப்படிதான். நான் உர மூட்டைக்கு 5 சதவீதம் கட்டுகிறேன். அதை எதில் கழிப்பது? நெல்லுக்கு வரி இல்லாததால் கழிக்க எனக்கு இடமே இல்லை. கட்டியது கட்டியதுதான். மானியம் வாங்குகிறவன் என்ற பெயர் மட்டும் எனக்கு.

திங்கட்கிழமை காலை மும்பை டிக்கெட் ஏழாயிரம், எட்டாயிரம் என்று தங்கச்சி மகன் சொல்கிறான். இந்த 2025-26 பருவத்துக்கு அரசு கொள்முதல் நிலையத்தில் சாதா ரக நெல்லுக்குக் குவிண்டால் 2,500 ரூபாய். நாற்பது கிலோ மூட்டை ஆயிரம் ரூபாய் ஆகிறது. முகத்தைக் காட்டிவிட்டு வர ஒரு வழிக்கு ஏழெட்டு மூட்டை நெல். நூற்றிப் பத்து, நூற்றி இருபது நாள் தண்ணீர் கட்டி, களை எடுத்து, மழைக்குப் பயந்து, தார்ப்பாய் போட்டு மூடி எடுத்த நெல்.

காசு போனால் போகட்டும், புகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்டீஃபன் கோஸ்லிங், ஆன்ட்ரியாஸ் ஹம்ப் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2020ல் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். 2018ல் உலகத்தில் 100 பேருக்கு 11 பேர்தான் விமானம் ஏறினார்கள். அதிலும் அடிக்கடி பறக்கிற ஒரே ஒரு சதவீதம் பேர், பயணிகள் விமானங்கள் விடுகிற கரியமில வாயுவில் பாதிக்குக் காரணம். இப்படிப் பறக்கிறவர்களுக்கு நாம் என்ன செய்கிறோம்? பறக்கப் பறக்கப் புள்ளி கொடுக்கிறோம். 1981ல் அமெரிக்காவில் ஒரு விமானக் கம்பெனி ஆரம்பித்து வைத்த பழக்கம், இன்றைக்கு நம்ம ஊர் விமானங்கள் வரைக்கும் வந்துவிட்டது. இத்தனை புள்ளி சேர்ந்தால் வெள்ளி அட்டை, இன்னும் சேர்ந்தால் தங்க அட்டை. தண்ணீரை அளவாகச் செலவழிக்கிறவனுக்கு எங்கள் ஊரில் எந்த அட்டையும் கிடையாது. பருவம் மாறி மழை கொட்டினால், காய வைத்த நெல்லோடு நடுரோட்டில் நிற்பது அந்த மீதி 89 பேரில் ஒருத்தன்தான்.

இனி ஏரி. நிலத்துக்குக் காசு கொடுக்கிறோமே என்கிறார்கள். 2025ல் நிலம் வாங்குகிற வேலையும் தொடங்கிவிட்டது. கையெழுத்துப் போட்டவர்களை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். கடனும் கல்யாணமும் அவரவர் வீட்டுக் கஷ்டம். ஆனால் பட்டா நிலத்துக்கு விலை போடலாம், ஏரிக்கு என்ன விலை போடுவீர்கள்? கம்பன் கால்வாய் வழியாக ஒரு ஏரி நிரம்பி அடுத்த ஏரிக்கு, அது நிரம்பி அதற்கடுத்த ஏரிக்கு என்று தண்ணீர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வரைக்கும் போகிறது. சங்கிலியில் ஒரு கண்ணியை அறுத்துவிட்டு "மற்ற கண்ணி எல்லாம் அப்படியேதானே இருக்கு" என்று சொல்ல முடியாது. தடுத்த தண்ணீர் சும்மா இருக்காது. இப்போதைய மீனம்பாக்கத்திலேயே இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேல் பாலம் கட்டித்தான் போகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்த விமான நிலையம் நாலைந்து நாள் மூடிக் கிடந்ததை நீங்கள் பார்த்தீர்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மறுபடி மூடினார்கள். எங்கள் பக்கத்து ஏரிகள் பிடித்து வைக்காத தண்ணீர் உங்கள் பக்கம்தான் வரும். இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. தண்ணீர் சரிவைப் பார்த்துத்தான் ஓடும், அவ்வளவுதான்.

விமான நிலையத்தோடு நின்றுவிடும் என்றும் நம்பாதீர்கள். பெங்களூரைப் பாருங்கள். தேவனஹள்ளியில் 2008ல் விமான நிலையம் திறந்தார்கள். பம்பளிமாசுக்கும் திராட்சைக்கும் பேர் போன மண் அது. அப்புறம் அதே தாலுகாவில், விண்வெளித் தொழில் பூங்காவுக்கு என்று 1,777 ஏக்கர் கேட்டார்கள். அங்கேயும் 13 கிராமம்தான். சன்னராயபட்டணா பக்கத்து விவசாயிகள் மூன்று வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து போராடினார்கள். 2025 ஜூலை 15ஆம் தேதி அந்தத் திட்டத்தைக் கைவிடுவதாக முதலமைச்சர் சித்தராமையா அறிவித்தார். ஒரு அரசாங்கம் கேட்டதைத் திருப்பிக் கொடுக்க முடியும் என்பதற்கு அதைவிடப் பக்கத்தில் உதாரணம் வேண்டாம்.

"அப்போ வளர்ச்சியே வேண்டாமா?" வேண்டும். வளர்ச்சி வேண்டும் என்றுதான் கேட்கிறேன், இருக்கிறதை ஒழுங்காகப் பயன்படுத்தினோமா? சென்னையில் 2023 ஏப்ரலில்தான் புது முனையம் திறந்தார்கள். வருஷத்துக்கு 2.3 கோடி பேர் என்பதை 3 கோடி ஆக்குகிறது என்று அப்போது சொன்னார்கள். பரந்தூரில் 10 கோடி பேருக்கு என்கிறார்கள். இந்த 10 கோடியில் எத்தனை பயணம் அவசியம், எத்தனை பயணம் முகத்தைக் காட்ட, எத்தனை பயணம் ரயிலில் போயிருக்கலாம் என்று பிரித்துப் பார்த்த காகிதம் எதையும் எங்களிடம் யாரும் காட்டவில்லை.

ரயில் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். சென்னையில் இருந்து பெங்களூருக்கு 2022 நவம்பரில் இருந்து வந்தே பாரத் ஓடுகிறது, நாலரை மணி நேரம். விமானத்தில் போனால்? வீட்டில் இருந்து மீனம்பாக்கம் ஒரு மணி நேரம், அங்கே காத்திருப்பு ஒன்றரை மணி, பறப்பது ஒரு மணி, தேவனஹள்ளியில் இறங்கி ஊருக்குள் போக ஒன்றரை மணி. ஐந்து மணி நேரம் ஆகிறது. ரயிலில் மடிக்கணினியைத் திறந்தால் இறங்குகிற வரைக்கும் மூட வேண்டாம். கோவைக்கு 2023 ஏப்ரலில் இருந்து ஆறு மணி நேரத்துக்குள் போகிற ரயில் இருக்கிறது. பிரான்சில், இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போக முடிகிற ஊர்களுக்கு இடையே உள்நாட்டு விமானம் விடக்கூடாது என்று 2023ல் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். மூன்று தடம்தான் நின்றது. சின்னதுதான். ஆனால் "இந்தப் பயணம் தேவையா" என்று ஒரு அரசாங்கம் வாய் திறந்து கேட்டதே, அது பெரிசு.

இங்கே அந்தக் கேள்வியை அரசாங்கம் கேட்கும் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. நீங்கள் கேட்கலாம். உங்கள் ஆபீசில், உங்கள் மேனேஜரிடம், நீங்களே மேனேஜராக இருந்தால் உங்களிடமே. இந்த மாதம் போன நாலு தடவையில் எந்த ஒரு தடவை போயிருந்தால் போதும்? எங்கள் ஊர் நீர்க்கட்டி அந்தக் கேள்வியைத் தினம் கேட்கிறார். ஏரியில் தண்ணீர் குறையும்போது யார் கழனிக்கு முறை, யார் கழனி ஒரு நாள் தாங்கும் என்று பார்த்து மடை திறக்கிறார். "எல்லாருக்கும் தினமும் வேணும், அதனால ஏரியைப் பெரிசாக்கு" என்று அவர் சொன்னதே இல்லை. அடுத்தவன் கழனியில் ஏரி வெட்ட முடியாது என்று அவருக்குத் தெரியும்.

தங்கச்சி மகன் கம்பெனியில் இப்போது டெல்லிப் பயணத்தை மாதம் ஒன்றாகக் குறைத்திருக்கிறார்களாம். எங்கள் ஏரிக்காக இல்லை, செலவு கையைக் கடித்ததால். அந்த வங்கி இன்னும் இவர்களிடம்தான் வாங்குகிறது. குழந்தை பள்ளிக்கூட விழாவுக்கு வியாழக்கிழமை போனானாம், முதல் தடவையாக.

அடுத்த முறை யாராவது "விவசாயிங்க வளர்ச்சியைத் தடுக்கறாங்க" என்று சொன்னால், ஒரு காரியம் செய்யுங்கள். அவருடைய போன வாரத்தைக் கேளுங்கள். எங்கே போனார், எதுக்குப் போனார், போகாமல் இருந்திருந்தால் என்ன கெட்டிருக்கும் என்று. அவர் யோசித்துப் பதில் சொன்ன பிறகு பரந்தூரைப் பற்றிப் பேசலாம்.